ஜூலையில் செவீயா: வெயில் எப்போது தாழும்?

மே 11 (வந்த கேள்வி)

"ஜூலை கடைசி வாரம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயின் போகிறோம். செவீயாவில் நான்கு இரவு. அங்கே 42 டிகிரி வரும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். சென்னையில் மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா? காலையில் நிதானமாக எழுந்து பத்தரைக்குக் கிளம்புவது, மதியம் சாப்பிட்டுத் தூங்குவது, நாலரைக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் மறுபடி சுற்றுவது என்று திட்டம். சரியாக வருமா?"

மே 11, இரவு

போகலாம். திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். நாலரை மணிக்கு செவீயாவில் வெயில் தாழாது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

காரணம் கடிகாரம். ஸ்பெயின் இருக்கிற இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தும் அதை யாரும் திருப்பவில்லை. அதற்கு மேல் கோடைக்காக இன்னும் ஒரு மணி நேரம் தள்ளுகிறார்கள். செவீயாவோ நாட்டின் மேற்கு ஓரத்தில், போர்ச்சுகலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். எல்லாம் சேர்ந்து ஜூலை மாதம் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது மதியம் இரண்டரை மணிக்கு. சென்னையில் அது பன்னிரண்டேகாலுக்கே வந்துவிடும். ஆக, நீங்கள் கிளம்ப நினைக்கிற நாலரை மணி சூரியக் கணக்கில் சென்னையின் இரண்டேகால் மணி. அந்த நேரத்தில் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு மவுண்ட் ரோட்டில் நடப்பீர்களா?

நாளின் உச்ச வெப்பம் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வரும். சூரியன் மறைய ஒன்பதரை தாண்டிவிடும்.

மே 12

பத்தரை மணிப் புறப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலையில் செவீயாவின் சராசரி உச்சம் 36 டிகிரி, சராசரிக் குறைந்தபட்சம் 20 டிகிரி. இந்த இரண்டாவது எண்ணை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் குளிர்ச்சி கிடைப்பது விடியலை ஒட்டி, விடிவது ஏழரை மணிவாக்கில். அதிகாலை என்றால் நம் ஆட்கள் ஐந்து மணி என்று நினைத்து மலைக்கிறார்கள். அங்கே ஐந்து மணி கும்மிருட்டு, எட்டு மணிதான் நம் ஆறு மணி. எட்டுக்குத் தெருவில் இறங்கினால் ஒரு மணி வரை தாராளமாகச் சுற்றலாம். பத்தரைக்குக் கிளம்புகிறவர் நாளின் நல்ல பாதியைப் படுக்கையில் விட்டுவிடுகிறார்.

மே 12, மாலை

"வேலூர்க்காரன் நான், 43 டிகிரி எங்களுக்குப் பழக்கம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, அவருக்குச் சென்னைக்காரரை விட எளிதாக இருக்கும். சென்னைக்காரர் பழகியது ஈரப்பத வெயில். வியர்வை சட்டையில் ஒட்டும், கசகசக்கும், உடம்பு நீர் இழப்பது கண்ணுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் கடற்காற்றும் வந்துவிடும். செவீயா கடலிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்ளே, குவாதல்கிவிர் ஆற்றின் தாழ்ந்த சமவெளியில் இருக்கிறது. காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடும். தோல் காய்ந்து கிடக்கும், சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் படிந்திருக்கும். வியர்க்கவில்லையே, தண்ணீர் எதற்கு என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தாகத்துக்குக் காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு முறை குடிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர், பாட்டில் வாங்கத் தேவையில்லை.

வேலூர்க்காரருக்கும் கடிகார விஷயம் பொருந்தும். அதில் யாருக்கும் விலக்கில்லை.

மே 14

என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். நான் செவீயாவில் வேலை பார்த்த காலத்தில் கரூரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்தார். வாழ்நாள் முழுக்க வயலில் நின்றவர். "ஐந்து மணி ஆச்சு, இன்னுமா வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருப்பது?" என்று கிளம்பிவிட்டார். பிளாசா தே எஸ்பாஞாவுக்குப் போனோம். 1929 கண்காட்சிக்காக அனிபால் கொன்சாலெஸ் வடிவமைத்த பெரிய அரைவட்டக் கட்டடம் அது. பார்க்கப் பார்க்கத் திகட்டாது. ஆனால் நடு மைதானம் முழுவதும் கல் தளம், ஒரு மரம் கிடையாது. பாதி தூரம் நடந்ததும் பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார். முகம் சிவந்து காய்ந்திருந்தது. கையைப் பிடித்து வளைவு மண்டபத்து நிழலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். தொப்பி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், யாரும் கேட்காமலே தன் பெட்டியிலிருந்த பனிக்கட்டியைத் துணியில் சுற்றி அவர் பின்கழுத்தில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் தேறிவிட்டார்.

அதே இடத்துக்கு மறுநாள் காலை எட்டரைக்குப் போனோம். மாகாணம் மாகாணமாக அமைத்திருக்கிற ஓட்டுச் சித்திர இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒட்டினாற்போல் மரியா லூயிசா பூங்கா, அடர்ந்த நிழல். அங்கே போய் உட்கார்ந்து, கொண்டு போன பழத்தைச் சாப்பிட்டோம்.

மே 14, அப்புறம்

பெற்றோர் என்றதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். 2003 கோடையில் ஐரோப்பா முழுவதும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் வெப்பத்தால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிப்போகும். பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், முக்கியமாக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் 40 டிகிரி ஊருக்குப் போவதைச் சொல்லிவிட வேண்டும். அளவை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தால் அங்கே மருந்துக்கடையில் 'சுவேரோ ஓரல்' என்று கேளுங்கள். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ யோசிக்காமல் 112க்குக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

மே 15

மருந்துக்கடை என்றதும் ஞாபகம் வந்தது. வாசலில் பச்சைச் சிலுவை மின்னும், அதில் வெப்பநிலையும் ஓடும். 48, 49 என்றெல்லாம் காட்டும். சுற்றுலாப் பயணிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது வெயிலில் காய்கிற கருவி, அந்த எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். வானிலைத் துறை நிழலில், காற்றோட்டத்தில் அளப்பதுதான் கணக்கு. அந்தக் கணக்குப்படி செவீயா விமான நிலையத்தில் பதிவான உச்சம் 46.6 டிகிரி, 1995 ஜூலை 23 அன்று. நாட்டின் உச்சம் பக்கத்து மாகாணமான கோர்தோபாவில், லா ராம்ப்லா என்ற ஊரில், 2021 ஆகஸ்ட் 14 அன்று 47.6.

புயலுக்குப் பெயர் வைக்கிற மாதிரி வெப்ப அலைக்குப் பெயர் வைத்த முதல் ஊரும் செவீயாதான், 2022இல். முதலில் வந்தது ஸோயே, அடுத்தது யாகோ. பெயர்கள் எழுத்து வரிசையின் கடைசியிலிருந்து முன்னோக்கி வரும். எல்லா வெப்ப அலைக்கும் பெயர் கிடைக்காது, மூன்று நிலைகளில் மிக மோசமான மூன்றாவது நிலைக்குத்தான் கிடைக்கும். நீங்கள் போகிற வாரம் அப்படிப் பெயரோடு ஒன்று வந்தால், அன்று வெளியே போகிற வேலையைக் காலை பதினொன்றோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மே 17

"இவ்வளவு சிரமப்பட்டு ஜூலையில் ஏன் போக வேண்டும், ஏப்ரலில் போகலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏப்ரல் அருமையான மாதம்தான். ஆனால் புனித வாரமும் ஏப்ரல் திருவிழாவும் வரும்போது அறை வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஜூலை ஆகஸ்டில் நன்றாக இறங்கிவிடும். நல்ல ஏசி உள்ள, நடு ஊரில் இருக்கிற ஹோட்டல் கட்டுப்படியாகும். பள்ளி விடுமுறையும் வேலையும் எல்லாருக்கும் ஏப்ரலில் ஒத்துவராது.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த ஊரின் பழைய கட்டடங்கள் எல்லாம் வெயிலுக்குச் சொன்ன பதில்கள். ஏப்ரலில் போனால் அவற்றை அழகுக்காகப் பார்த்துவிட்டு வருவோம். ஜூலையில் போனால் அவை வேலை செய்வதையே பார்க்கலாம். சாந்தா குரூஸ் பகுதியில் சந்துகள் ஏன் இரண்டு பேர் கை நீட்டினால் தொடுகிற அகலத்தில் இருக்கின்றன? நண்பகலில்கூடத் தரையில் வெயில் படாதபடி. சியெர்பெஸ், தெதுவான் கடைத்தெருக்களின் மேலே மாடிக்கு மாடி துணிப் பந்தல் கட்டியிருப்பார்கள். கோடையில் மட்டும்தான் அதைக் கட்டுவார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் உடம்பு உடனே வித்தியாசத்தைச் சொல்லும்.

லெப்ரிஹா அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். கோடையில் கீழ்த்தளம், குளிர்காலத்தில் மேல்தளம் என்று குடும்பமே வீட்டுக்குள் இடம் மாறி வாழ்ந்திருக்கிறது. வசதியான செவீயா வீடுகளில் இது வழக்கம்.

மே 17, பின்னிரவு

முற்றங்களைப் பற்றி எழுதாமல் தூங்க முடியவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற திரியானாப் பகுதியில் நான் குடியிருந்த பழைய வீட்டில் நடு முற்றம் உண்டு. ஓட்டுப் பலகைகள் பதித்த சுவர், நிறையத் தொட்டிச் செடிகள். காலை பத்து மணிக்கு வீட்டுக்காரப் பாட்டி முற்றத்துக்கு மேலே பந்தல் துணியை இழுத்துவிடுவார். ஜன்னல் அடைப்புகள் எல்லாம் இறங்கும். தரையில் வாளித் தண்ணீரைக் கொட்டுவார். வீடு இருண்டு போகும். இரவு பத்துக்கு மேல் எல்லாவற்றையும் திறந்துவிடுவார். பகலில் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்த ஒரு மாணவனை அவர் திட்டியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வெளியே 41 டிகிரி இருக்கும்போது வருவது காற்று இல்லை, அனல். நீங்கள் வாடகை வீட்டில் தங்கினால் இதே முறைதான். அடைப்பைக் காலையில் இறக்குங்கள், இரவில் ஏற்றுங்கள்.

அவர் சமையலறையில் ஒரு 'போதிஹோ' இருந்தது. மெருகிடாத மண் குடம், கைப்பிடியும் சின்ன மூக்கும் உண்டு. நம் வீட்டு மண்பானை மாதிரியேதான் குளிரும்: சுவர் வழியே கசிகிற நீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர வைக்கும். ஆனால் அங்கே காற்று உலர்ந்திருப்பதால் சென்னையில் கிடைப்பதை விட நன்றாகவே குளிரும். முற்றத்தில் தண்ணீர் கொட்டுவதும் நடுவில் நீரூற்று வைப்பதும் இதே தத்துவம்தான். அல்காசர் அரண்மனையை இந்தக் கண்ணோடு பாருங்கள். அரசன் முதலாம் பேத்ரோ 1364இல் கட்டத் தொடங்கிய பகுதியில் கன்னியர் முற்றம் இருக்கிறது. தோட்டம் நடைபாதையை விடத் தாழ்வாக, பள்ளத்தில் இருக்கும். நடுவே நீண்ட நீர்த்தொட்டி. நூற்றாண்டுகளாக மேலே பளிங்குத் தளம் போட்டு மூடிவைத்திருந்ததை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழாய்வு செய்து மீட்டார்கள். பின்னால் மரியா தே பாதியாவின் குளியலிடம் என்று ஒரு நிலவறை. உண்மையில் அது மழைநீர்த் தொட்டி. வளைவுகளுக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடக்கும். அங்கே இறங்கி நின்றால் வெளியே வரவே மனம் வராது.

அல்காசர் ஒன்பதரைக்குத் திறக்கும். முதல் நுழைவுக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். டிக்கெட் வாங்காமல் போனால் வரிசை வெயிலில்தான் நிற்கும்.

மே 19

கதீட்ரலின் மணிக்கோபுரமான ஜிரால்தாவில் ஏறலாமா, அம்மாவுக்கு முழங்கால் வலி என்று கேள்வி. கடைசியில் கொஞ்சம் தவிர படிக்கட்டே கிடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மசூதியின் பாங்குக் கோபுரமாகக் கட்டியபோது, குதிரையில் ஏறிப் போகிற மாதிரி 35 சரிவுப் பாதைகளாக அமைத்தார்கள். மெதுவாக ஏறலாம், ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் உண்டு. கதீட்ரல் பத்தே முக்கால், பதினொன்றுக்குத்தான் திறக்கும். உள்ளே கல்லின் குளிர்ச்சி இருக்கும். கொலம்பஸ் கல்லறையையும் ஆரஞ்சு மரமுற்றத்தையும் பார்த்து வெளியே வர ஒரு மணி ஆகும். அதோடு நாளின் முதல் பகுதி முடிந்தது.

மே 19, மாலை

இரண்டிலிருந்து எட்டு வரை அறைக்குள் என்று முன்பு தனிச்செய்தியில் சிலருக்குச் சொல்லியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் நான்கு நாள் வருகிறவர்களுக்கு அது அதிகம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தூங்குங்கள். பிறகு குளிர்ந்த உள்ளிடம் ஒன்றுக்கு டாக்ஸியில் போய், டாக்ஸியில் திரும்புங்கள். என் விருப்பம் ஏதாவது அருங்காட்சியகம். லாஸ் செத்தாஸ் என்கிற பெரிய மரக்குடையின் கீழே, நிலத்தடியில் இருக்கிற ரோமானிய வீட்டு எச்சங்களும் நல்ல தேர்வு. அந்தக் குடை 2011இல் திறந்தது. கட்டும்போது ஊரில் ஏகப்பட்ட சண்டை. இன்று அதன் நிழலில் மாலை முழுக்கக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். எனக்கு அது ஊரின் பழைய குணத்தோடு ஒத்துப்போகிற கட்டடம்.

மே 20

இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார். 'இந்தியத் தீவுகள்' என்று அன்றைய ஸ்பெயின்காரர்கள் சொன்னது அமெரிக்காவை. கதீட்ரலுக்கு எதிரே, அனுமதி இலவசம். அமெரிக்கக் கண்டத்தோடு ஸ்பெயின் நடத்திய வணிகம், ஆட்சி எல்லாவற்றின் காகிதங்களும் 1785இலிருந்து அங்கே சேர்ந்திருக்கின்றன. 1503இலிருந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்த வணிகத்தை நிர்வகித்த அலுவலகம் இந்த ஊரில்தான் இருந்தது. ஸ்பெயின்காரர்கள் குடிக்கிற கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த சூப்பில் இருக்கிற தக்காளியும், நம் குழம்பில் இருக்கிற மிளகாயும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவை.

சாப்பாடு: கஸ்பாச்சோ சைவம், தண்ணீராக இருக்கும், வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. சல்மோரேஹோ கெட்டியானது, மேலே முட்டையும் பன்றி இறைச்சித் துருவலும் போடுவார்கள். 'சின் ஹமோன்' என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சீரகம் போட்டுச் செய்வது செவீயாவின் சொந்தப் பதார்த்தம். உங்கள் அப்பாவுக்குப் பிடித்துப்போகும். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேல். அதற்கு முன் பல கடைகளில் அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள்.

மே 23

சாந்தா குரூஸ் சந்துக்குள் அறை பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அழகான இடம். ஆனால் டாக்ஸி உள்ளே வராது. பெட்டியை இழுத்துக்கொண்டு கல் பாவிய சந்தில் வழி தேட வேண்டும். ஒருமுறை அங்கே தங்கியபோது அறையின் ஏசி மதியம் நின்றுபோய், சரிசெய்ய ஆள் வர மறுநாள் ஆனது. நடு ஆகஸ்டில் பாதிக் கடைகள் 'விடுமுறைக்காக மூடப்பட்டுள்ளது' என்று காகிதம் ஒட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும், ஆள் கிடைப்பது கஷ்டம். அரெனால் பகுதியில் பாருங்கள். கார் வாசல் வரை வரும், கதீட்ரலும் நடை தூரம்.

மே 24

தேதியைக் கவனித்தேன். ஜூலை 26 திரியானாவில் சாந்தா அனா திருநாள். அதையொட்டி ஆற்றங்கரையில் சில நாட்கள் விழா நடக்கும். ஆற்றின் மேல் நீட்டியிருக்கிற கொழுப்புத் தடவிய கம்பத்தில் இளைஞர்கள் நடந்து போய் நுனியிலிருக்கிற கொடியைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் தண்ணீரில்தான் விழுவார்கள். நம் வழுக்குமரத்தைப் படுக்கப் போட்ட விளையாட்டு. இரவு பத்துக்கு மேல் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போங்கள். பாட்டிகள், கைக்குழந்தைகள் எல்லாரும் நள்ளிரவு வரை தெருவில்தான் இருப்பார்கள்.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு: 15ஆம் தேதி காலை எட்டு மணிக்கு மாதா ஊர்வலம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். தேர் முழுக்கச் சம்பங்கிப் பூ. அந்த வாசனை நம்மை நேராகப் பூக்கடைக்குக் கொண்டுபோய்விடும். சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்த செடிதான்.

மே 26

இத்தாலிகா போகலாமா? அது பழைய ரோமானிய நகரத்தின் எச்சம். பேரரசர் டிராயான் பிறந்த ஊர், அவருக்குப் பின் வந்த ஹேட்ரியனின் குடும்பத்துக்கும் அதுதான் ஊர். செவீயாவிலிருந்து 9 கிலோமீட்டர். தரைச் சித்திரங்களுக்காகவே போகலாம். ஆனால் நிழல் மிகக் குறைவு. திறக்கும்போதே, ஒன்பது மணிக்கு, உள்ளே இருங்கள். பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். அப்படி முடியாது என்றால் பெற்றோரோடு வேண்டாம்.

கிரனாடா கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு நன்றாகத் தணியும், கவலை குறைவு. அங்கே இருக்கிற அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு மட்டும் இன்றே டிக்கெட் எடுங்கள், ஜூலை வரை காத்திருந்தால் கிடைக்காது. கோர்தோபா செவீயாவை விடச் சூடு. அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். காலை முதல் ரயிலில் போய் மசூதிக் கதீட்ரலைப் பார்த்து மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

மே 28

நான்காம் நாள் காதிஸ் போவதாக முடிவு செய்திருக்கிறீர்கள், நல்லது. ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர், செவீயாவை விட எட்டுப் பத்து டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். ஆனால் முந்தைய நாள் காற்றைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். மேற்கிலிருந்து பொனியெந்தே வீசினால் குளிர்ச்சி. கிழக்கிலிருந்து லெவாந்தே வீசினால் அனலும் மணலும் முகத்தில் அடிக்கும், கடற்கரையில் உட்காரவே முடியாது. அப்படியானால் காதிஸை இன்னொரு நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.